லினக்ஸில் ஒலிப்பதிவு: கோப்பு அளவுச் சிக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு முழுக்க நடக்கும் தெருக்கூத்து, மூன்று மணி நேரக் கச்சேரி, ஊர்ப் பெரியவர் ஒருவரின் நீண்ட பேச்சு என்று எதையாவது லினக்ஸ் கணினியில் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் முட்டிக்கொள்வது கோப்பின் அளவில்தான். வட்டு நிரம்பிவிடுகிறது, பதிவு பாதியில் நின்றுபோகிறது, அல்லது காலையில் திறந்து பார்த்தால் வெறும் 44 பைட் இருக்கிறது. இன்னொரு தடவை நடத்துங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாத நிகழ்ச்சிகள் இவை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கட்டளைகளையும் அவற்றின் தெரிவுகளையும் உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். சரியான எழுத்துக்கூட்டு அந்தந்தக் கட்டளையின் மேன் பக்கத்தில் (லினக்ஸோடு வரும் கையேட்டுப் பக்கத்தில்) இருக்கிறது.

ஒரு மணி நேரப் பதிவு 600 எம்பிக்கு மேல் போகிறது. ஏதாவது தப்பாக அமைத்துவிட்டேனா?

இல்லை, அது சரியான அளவுதான். பதிவு நிரல்கள் வழக்கமாக எழுதும் வேவ் என்ற ஒலிக் கோப்பில் சுருக்கம் எதுவும் கிடையாது. சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது), ஒரு சாம்பிளுக்கு எத்தனை பைட், எத்தனை சேனல், எத்தனை விநாடி: இந்த நான்கையும் பெருக்கினால் வருவதுதான் அளவு. சிடி தரம் என்றால் விநாடிக்கு 44,100 சாம்பிள், சாம்பிளுக்கு 2 பைட், 2 சேனல். பெருக்கினால் விநாடிக்கு 1,76,400 பைட், மணிக்குச் சுமார் 635 எம்பி.

பதிவுக்குக் கிளம்பும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ மணிக்கு 691 எம்பி. அதையே 24 பிட்டில் எடுத்தால் 1.04 ஜிபி. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் 2.07 ஜிபி. பேச்சுக்கு மட்டும் 16 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ போதும் என்றால் மணிக்கு 115 எம்பியில் முடிந்துவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. கிடைத்த அளவு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால், எங்கே பிசகியது என்பதை அந்த வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும். கீழே வரும் பாதிப் பதில்கள் அப்படிக் கண்டுபிடிப்பவைதான்.

24 பிட் என்றுதான் கொடுத்தேன். கணக்கில் வருவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறதே?

மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் துப்பு. லினக்ஸின் ஒலி அடித்தளமான அல்சாவில் 24 பிட்டுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ‘எஸ்24_எல்இ’ ஒவ்வொரு சாம்பிளையும் 4 பைட் இடத்தில் வைக்கும். அதில் ஒரு பைட் சும்மா கிடக்கும். ‘எஸ்24_3எல்இ’ 3 பைட்டில் அடக்கிவிடும். பல யூஎஸ்பி மைக்குகளும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களும் நேரடியாகக் கொடுப்பது இரண்டாவதைத்தான். அல்சாவின் பதிவுக் கட்டளையான ஏரெகார்டில் வடிவத்தை அப்படி மாற்றிக் கேளுங்கள்.

கணக்கைவிடச் சரியாக இரண்டு மடங்கு வந்தால், 16 பிட் என்று நினைத்த இடத்தில் 32 பிட் ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்கள்) ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது மோனோ என்று நினைத்தது ஸ்டீரியோவாக இருக்கலாம். கோப்பை ‘ஃபைல்’ கட்டளைக்கோ சாக்ஸ் என்ற ஒலி மாற்றும் நிரலோடு வரும் ‘சாக்ஸி’ கட்டளைக்கோ கொடுத்தால் சேனலும் பிட்டும் தெரிந்துவிடும்.

எனக்கு நேர்மாறு. ஒரு மணி நேரம் 29 எம்பிதான். தொலைபேசியில் கேட்பதுபோல இருக்கிறது.

ஏரெகார்டை எந்தத் தெரிவும் கொடுக்காமல் ஓட்டியிருக்கிறீர்கள். அதன் இயல்பு அமைப்பு 8,000 ஹெர்ட்ஸ், 8 பிட், மோனோ. விநாடிக்கு 8,000 பைட், மணிக்கு 28.8 எம்பி. இந்த அளவைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும்.

‘எஃப்’ தெரிவுக்கு ‘சிடி’ என்று கொடுத்தால் 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ. ‘டாட்’ என்று கொடுத்தால் 48,000 ஹெர்ட்ஸ். ஆனால் ஏற்கெனவே 8 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பயனில்லை. கோப்பு பெருக்கும், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருந்த ஒலி பதிவாகவே இல்லை, அது திரும்பி வராது.

கோப்பு இருக்கிறது, ஆனால் 44 பைட் மட்டும். ஏன்?

44 பைட் என்பது வேவ் கோப்பின் தலைப்புப் பகுதி. தலைப்பை எழுதி முடித்த நிரலுக்கு அதற்குப் பிறகு ஒரு சாம்பிள்கூட வரவில்லை என்று பொருள். பெரும்பாலும் தவறான சாதனத்தைக் கேட்டிருப்பீர்கள், அல்லது அந்தச் சாதனத்தை இன்னொரு நிரல் பிடித்து வைத்திருக்கும்.

ஏரெகார்டைச் சிறிய ‘எல்’ தெரிவோடு ஓட்டி எந்தெந்த கார்டுகள் தெரிகின்றன என்று பாருங்கள். சாதனத்தின் பெயரை ‘எச்டபிள்யூ’ என்று தொடங்கிக் கொடுத்தால் அல்சா எந்த மாற்றமும் செய்யாது. மோனோ மைக்கிடம் ஸ்டீரியோ கேட்டால் சேனல் எண்ணிக்கை கிடைக்காது என்று சொல்லி நின்றுவிடும். ‘பிளக்எச்டபிள்யூ’ என்று தொடங்கினால் தேவையான மாற்றத்தை அல்சாவே செய்துகொள்ளும். டெர்மினலில் வந்த பிழைச்செய்தியைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். காரணம் அனேகமாக அதிலேயே எழுதியிருக்கும்.

அளவு சரியாக இருக்கிறது, கேட்டால் நிசப்தம். ஒலியே இல்லாமல் கோப்பு எப்படி வளர்ந்தது?

வேவ் கோப்பில் நிசப்தத்துக்கும் இடியோசைக்கும் ஒரே இடம்தான். பூஜ்யங்களையும் அது ஒன்று விடாமல் எழுதும். அதனால் கோப்பு வளர்கிறது என்பதை வைத்து ஒலி பதிவாகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

ஒலியை நிரல்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் சேவைகளான பைப்வயரிலும் பல்ஸ்ஆடியோவிலும் மைக்கோடு ‘மானிட்டர்’ என்ற மூலமும் இருக்கும். அது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் நகல். பதிவு தவறிப்போய் அதோடு இணைந்துவிட்டால், கணினி எதையும் ஒலிக்காதவரை நிசப்தம்தான் பதிவாகும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்’ நிரலைத் திறந்து, ரெக்கார்டிங் தாவலில் எந்த மூலம் என்று பாருங்கள், அங்கேயே மாற்றலாம். அல்சாமிக்சரில் எஃப்4 அழுத்தினால் உள்ளீடுகள் தெரியும். கேப்சர் அணைந்திருந்தால் ஸ்பேஸ் விசையால் இயக்கலாம்.

எடுத்து முடித்த கோப்பைச் சோதிக்க, ஒலியையும் காணொளியையும் பதிந்து மாற்றும் கட்டளையான எஃப்எஃப்எம்பெக்கின் ‘வால்யூம்டிடெக்ட்’ வடிகட்டியைப் பயன்படுத்துங்கள். 16 பிட் கோப்பில் உச்ச அளவு மைனஸ் 91 டெசிபல் என்று வந்தால் உள்ளே பூஜ்யம் தவிர எதுவுமில்லை. பெரிய நிகழ்ச்சிக்கு முன்னால் பத்து விநாடி சோதனைப் பதிவு எடுத்து, ஹெட்போனில் கேட்டு, இந்த எண்ணையும் பார்த்துவிடுவது என் வழக்கம்.

மூன்றே கால் மணி நேரம் தாண்டியதும் பெயரோடு 02 சேர்ந்த இரண்டாவது கோப்பு தானாக வந்துவிட்டது. யார் உருவாக்கியது?

ஏரெகார்டேதான். வேவ் கோப்புக்கு அது வைத்திருக்கும் எல்லை 2 ஜிபி. அதை எட்டியதும் பழைய கோப்பை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கும். சிடி தரத்தில் இது 3 மணி 22 நிமிடத்தில் நடக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவில் 3 மணி 6 நிமிடத்தில்.

எங்கே வெட்டுவது என்பதை நீங்களே தீர்மானிப்பது நல்லது. ‘மேக்ஸ்-ஃபைல்-டைம்’ தெரிவுக்கு 1,800 என்று கொடுத்தால் அரை மணிக்கு ஒரு கோப்பு. ‘யூஸ்-எஸ்டிஆர்எஃப்டைம்’ சேர்த்தால் கோப்பின் பெயரிலேயே தேதியும் நேரமும் வந்துவிடும். கூத்தில் இரவு ஒன்றரை மணிக்கு வந்த காட்சியைத் தேடும்போது அந்தப் பெயர் எவ்வளவு உதவும் என்பது தேடியவர்களுக்குத் தெரியும். துண்டுகளைச் சாக்ஸில் வரிசையாகக் கொடுத்தால் ஒட்டிவிடலாம். ஒட்டியதை ஃபிளாக் என்ற இழப்பில்லாத சுருக்க வடிவில் எழுதச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்கிறார்களே, உண்மையா? இரவு முழுக்க நடப்பதை எப்படிப் பதிவு செய்வது?

உண்மை. வேவ் கோப்பின் தலைப்பில் உள்ளே எத்தனை பைட் இருக்கிறது என்று எழுதும் இடம் 32 பிட். அதில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4,29,49,67,295. ஆக, உங்கள் வட்டில் எத்தனை டெராபைட் காலியாக இருந்தாலும், ஒரு வேவ் கோப்பு 4 ஜிபிக்கு மேல் தன் நீளத்தைச் சொல்ல முடியாது. மூட்டைமேல் எடை எழுத ஒதுக்கிய கட்டத்தில் இடம் போதாததுபோலத்தான். மூட்டைக்குள் தானியம் நிறைய இருக்கலாம், எழுதியிருப்பது தப்பாக இருக்கும். சில நிரல்கள் அந்த எண்ணைக் கூட்டல்-கழித்தல் குறியோடு படிப்பதால் 2 ஜிபியிலேயே தடுமாறும்.

தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்குக் களரி கட்டி விடியற்காலை ஆறு வரை போகிறது என்றால் எட்டு மணி நேரம். சிடி தரத்தில் 5.08 ஜிபி, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் 8.3 ஜிபி. சிடி தரத்தில் 6 மணி 45 நிமிடத்தில் எல்லை வந்துவிடும். அதாவது விடிவதற்கு முன்னால், கதை உச்சத்துக்கு வரும் நேரத்தில். 24 பிட்டில் இன்னும் சீக்கிரம், 4 மணி 8 நிமிடத்தில்.

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, மேலே சொன்னபடி அரை மணித் துண்டுகளாக எடுப்பது. இரண்டாவது, 64 பிட் தலைப்புள்ள வடிவங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் வேவையே விரித்து ஆர்எஃப்64 என்ற வடிவத்தைக் கொடுத்தது. எஃப்எஃப்எம்பெக்கில் ‘ஆர்எஃப்64’ தெரிவுக்கு ‘ஆட்டோ’ என்று கொடுத்தால், தேவைப்படும்போது மட்டும் அப்படி எழுதும். எதுவும் சொல்லாவிட்டால் எழுதாது. டபிள்யூ64 என்றொரு வடிவமும் உண்டு. பல தட ஒலிப்பதிவு நிரலான ஆர்டோர் இரண்டையும் அறியும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது: நேராக ஃபிளாக்கில் பதிவு செய்வது. ஃபிளாக் சுருக்கும், ஆனால் ஒரு சாம்பிளைக்கூட இழக்காது. விரித்தால் பிட் பிசகாமல் அதே ஒலி வரும். இசைக்கு வேவின் அளவில் பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் நிற்கும். இடைவெளி நிறைந்த பேச்சென்றால் பாதிக்குக் கீழேயும் இறங்கும். 4 ஜிபி எல்லை அதன் தலைப்பில் இல்லை. எஃப்எஃப்எம்பெக்கில் உள்ளீட்டு வகையாகப் பல்ஸ் அல்லது அல்சா, மூலமாக ‘டிஃபால்ட்’, வெளியீட்டுப் பெயரின் கடைசியில் ஃபிளாக் என்று கொடுத்தால் போதும். நிறுத்தும்போது ‘க்யூ’ அழுத்துங்கள். இன்றைய எந்தப் பழைய மடிக்கணினிக்கும் இந்த வேலை ஒரு சுமையே இல்லை.

ஏற்கெனவே தாண்டிவிட்டது. கோப்பு 5 ஜிபி இருக்கிறது, பிளேயர் 1 மணி 14 நிமிடம் என்று காட்டுகிறது. மீதி போய்விட்டதா?

போகவில்லை. கோப்பு 5 ஜிபி இருக்கிறது என்றால் ஒலி முழுவதும் உள்ளேதான் இருக்கிறது. தலைப்பில் எழுதிய எண் மட்டும் 4 ஜிபியைச் சுற்றிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. எட்டு மணி நேர சிடி தரப் பதிவில் 4 ஜிபி போக மீதி 78.5 கோடி பைட். அது சரியாக 1 மணி 14 நிமிடம். கணக்கு ஒத்துப்போகிறது பாருங்கள்.

முதலில் மூலக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். எந்த நிரலிலும் திறந்து அதன்மேலேயே சேமிக்காதீர்கள். பிறகு சாக்ஸில் ‘இக்னோர்-லெங்த்’ தெரிவோடு அதைப் படித்து ஃபிளாக்காக எழுதுங்கள். எஃப்எஃப்எம்பெக்கிலும் வேவைப் படிக்கும்போது நீளத்தைப் புறக்கணிக்கச் சொல்லும் ‘இக்னோர்_லெங்த்’ உண்டு. இரண்டும் சரிவரவில்லை என்றால் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த நிரலில் ‘ரா டேட்டா’வாக இறக்குமதி செய்யலாம்: பிட், சேனல், சாம்பிள் ரேட் மூன்றையும் பதிவு செய்தபடியே கொடுத்து, தொடக்கத்தில் 44 பைட் விடச் சொல்லுங்கள். கேட்டால் வெறும் இரைச்சலாக வந்தால் பிட் அல்லது பைட் வரிசை தவறு. வேகமாகவோ மெதுவாகவோ வந்தால் சாம்பிள் ரேட் அல்லது சேனல் தவறு.

பதிவின் நடுவில் கரண்ட் போய்விட்டது. கோப்பு இருக்கிறது, நீளம் தாறுமாறாகக் காட்டுகிறது.

இதுவும் தலைப்புச் சிக்கல்தான். வேவ் எழுதும் நிரல் தொடங்கும்போது தலைப்பில் ஒரு தற்காலிக எண்ணைப் போட்டுவிட்டு, முடிக்கும்போதுதான் திரும்பிவந்து உண்மையான நீளத்தை எழுதும். மின்சாரம் போனாலோ நிரலைக் ‘கில் மைனஸ் 9’ போட்டு நிறுத்தினாலோ அந்தக் கடைசி வேலை நடக்காது. ஏரெகார்ட் போட்டுவைக்கும் தற்காலிக எண் கிட்டத்தட்ட 2 ஜிபி. அதனால்தான் பத்து நிமிடப் பதிவு சில பிளேயர்களில் 3 மணி 22 நிமிடம் என்று தெரியும். மீட்கும் வழி முந்தைய பதிலில் சொன்னதேதான்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்திருந்துதான் வட்டில் எழுதும். அதனால் கடைசி அரை நிமிடம் வரை இழக்க நேரலாம். ஃபிளாக்கும், ஓபஸ் என்ற இழப்புள்ள சுருக்க வடிவமும் துண்டு துண்டாக எழுதப்படும் வடிவங்கள். பாதியில் அறுந்தாலும் அதுவரை எழுதியது ஓடும். கரண்ட் நிச்சயமில்லாத ஊரில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் வேவாகப் பதிவு செய்யவே செய்யாதீர்கள்.

பென்டிரைவில் நேரடியாகப் பதிவு செய்தேன். 4 ஜிபியில் நின்றுவிட்டது. இன்னும் 20 ஜிபி காலியாக இருக்கிறதே!

அது ஃபேட்32. அந்தக் கோப்பு முறைமையில் எந்த ஒரு கோப்பும் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாகத்தான் இருக்க முடியும். வேவோ ஃபிளாக்கோ, வடிவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையை ‘எஃப்’ தெரிவோடு ஓட்டினால் எந்த முறைமை என்று காட்டும். ஃபேட்32 அங்கே ‘விஃபேட்’ என்ற பெயரில் தெரியும்.

விண்டோஸிலும் பயன்பட வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட்டாக மாற்றுங்கள். கர்னல் 5.7 முதல் அதற்கு நல்ல டிரைவர் உள்ளேயே வருகிறது. லினக்ஸில் மட்டும் என்றால் எக்ஸ்ட்4. மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம். என் கருத்து: கணினியின் உள் வட்டில் பதிவு செய்து, முடிந்த பிறகு பென்டிரைவுக்கு நகலெடுங்கள். மலிவான பென்டிரைவுகள் நடுவில் எழுதத் திணறும். அந்த நேரத்தில் ஒலி விட்டுப்போகும்.

ஆடாசிட்டி புராஜெக்ட் ஏன் இவ்வளவு பெரிது? ஏற்றுமதி செய்த கோப்பைவிடப் பல மடங்கு இருக்கிறது.

ஆடாசிட்டி இயல்பாக 32 பிட் ஃப்ளோட்டில் வேலை செய்கிறது. 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ அதில் மணிக்கு 1.27 ஜிபி. மூன்று மணி நேரக் கச்சேரி பதிவாகி முடியும்போதே 3.8 ஜிபி. அடுத்து முழு நீளத்துக்கும் இரைச்சல் நீக்கம் போட்டீர்கள் என்றால், மாற்றிய ஒலி புதிதாக எழுதப்படும், பழையது ‘அன்டூ’வுக்காக அப்படியே இருக்கும். இன்னொரு 3.8 ஜிபி. நார்மலைஸ் போட்டால் மூன்றாவது தடவை.

2021இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இதெல்லாம் ஏயூபி3 என்ற ஒரே கோப்புக்குள் இருக்கிறது. அது ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளம். முன்பு புராஜெக்ட் கோப்பும் அதன் பக்கத்தில் தரவு ஃபோல்டரும் தனித்தனியாக இருக்கும்; ஃபோல்டரை விட்டுவிட்டு நகலெடுத்து ஒலியை இழந்தவர்கள் உண்டு. இப்போது அந்தப் பயம் இல்லை. புராஜெக்ட்டைச் சேமித்து முழுவதும் மூடினால் அன்டூ வரலாறு நீங்கிக் கோப்பு சுருங்கும். அதனால் அளவைப் பார்ப்பதற்கு முன் மூடுங்கள். திறந்திருக்கும்போது பக்கத்தில் தெரியும் ‘வால்’ என்று முடியும் கோப்பை மட்டும் கை வைத்து அழிக்காதீர்கள். இன்னும் புராஜெக்ட்டுக்குள் சேராத தரவு அதில் இருக்கும்.

வேலை முடிந்ததும் 24 பிட் ஃபிளாக்காக ஏற்றுமதி செய்து, கேட்டுச் சரிபார்த்தபின் புராஜெக்ட்டை அகற்றலாம். ஃபிளாக்கில் ஃப்ளோட் வைக்க முடியாது, முழு எண்கள்தான். பதிவில் ஒலி உச்சத்தைத் தாண்டி உடையாதிருந்தால் 24 பிட்டில் இழக்க எதுவுமில்லை.

ஆர்டோரில்?

ஆர்டோர் ஒவ்வொரு சேனலையும் தனி மோனோ கோப்பாக, இயல்பாக 32 பிட் ஃப்ளோட்டில் எழுதும். நீங்கள் திரையிலிருந்து அழித்த டேக்குகளும் வட்டில் அப்படியே இருக்கும். செஷன் மெனுவில் பயன்படாத மூலங்களைச் சுத்தம் செய்யும் வசதி இருக்கிறது. நகல் எடுத்துவிட்டு அதைப் பயன்படுத்துங்கள்.

ஒரே ஒரு மைக்தான். ஸ்டீரியோவாக எடுத்தால் நன்றாக இருக்குமா?

இருக்காது. இரண்டு சேனலிலும் ஒரே ஒலிதான் இருக்கும். வேவில் அளவு மட்டும் இரட்டிக்கும். மோனோவாக எடுங்கள். ஏற்கெனவே ஸ்டீரியோவாக எடுத்திருந்தால் ஃபிளாக்காக மாற்றினாலே போதும். ஃபிளாக் இரண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தனியாக எழுதக்கூடியது. வித்தியாசம் பூஜ்யம் என்றால் அதற்கு ஏறக்குறைய இடமே ஆகாது.

சில ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் மைக் இடது சேனலில் மட்டும் வரும், வலது காலியாக இருக்கும். அப்போது இரண்டையும் கலந்து மோனோ ஆக்கினால் ஒலி பாதியாகக் குறைந்துவிடும். இடது சேனலை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்; சாக்ஸில் ‘ரீமிக்ஸ் 1’.

புளூடூத் ஹெட்செட்டில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்தேன். கோப்பு பெரிதாக இருக்கிறது, ஒலி மட்டும் மங்கல்.

வழக்கமான புளூடூத் ஹெட்செட்டின் மைக் வேலை செய்யும்போது இணைப்பு அழைப்பு முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸில்தான் வருகிறது. பைப்வயர் அதை 48 கிலோஹெர்ட்ஸுக்கு விரித்துக் கொடுக்கிறது. கோப்பில் எண் பெரிது, உள்ளே இருப்பது அந்தக் குறுகிய ஒலிதான். வேறு மைக் இல்லை என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவில் எடுத்து இடத்தை மிச்சப்படுத்துங்கள். 500 ரூபாய் காலர் மைக் கூட வயர் வழியாக வந்தால் இதைவிடத் தெளிவாக இருக்கும்.

எதற்கு இவ்வளவு கஷ்டம்? நேராக எம்பி3யில் பதிவு செய்தால் என்ன?

எதைப் பதிவு செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அலுவலகக் கூட்டம், உங்களுக்கே வைத்துக்கொள்ளும் வகுப்புக் குறிப்பு என்றால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதற்கும் எம்பி3யைவிட ஓபஸ் நல்லது. 2012இல் தரப்படுத்தப்பட்ட இந்த வடிவம் குறைந்த பிட்ரேட்டில் பேச்சை அழகாகக் காப்பாற்றும். 32 கிலோபிட்டில் ஒரு மணி நேரம் 14.4 எம்பி, 128 கிலோபிட் எம்பி3 57.6 எம்பி. பேச்சுக்கு 32, இசையைக் கேட்பதற்கு 96 முதல் 128 என்று வைத்துக்கொள்ளலாம்.

கச்சேரி, கூத்து, ஒப்பாரி, தாலாட்டு, வயதானவர்களின் நினைவுகள் இவற்றை மட்டும் இழப்புள்ள வடிவத்தில் முதல் பதிவாக எடுக்காதீர்கள். ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்து எடுத்த பதிவில் பாடுகிறவரின் குரலைப் பின்னால் மேலே கொண்டுவர வேண்டியிருக்கும். இரைச்சலைக் குறைக்க வேண்டியிருக்கும். எம்பி3 காதுக்குக் கேட்காது என்று தூக்கிப்போட்டது, அப்படித் திருத்தும்போது கரகரப்பாக வெளியே வந்து நிற்கும். முகவீணையின் கூர்மையும் மத்தள அடியின் தொடக்கமும் முதலில் அடிபடும். எட்டு மணி நேரக் கூத்து 16 பிட் ஃபிளாக்கில் நான்கு ஜிபிக்குள் அடங்கிவிடும். பாடியவர் அடுத்த ஆண்டு இருப்பாரா என்பது நிச்சயமில்லாத கலைகளில் அந்த நான்கு ஜிபியை மிச்சம் பிடிக்க வேண்டாம். ஃபிளாக்கை மூலமாக வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு அதிலிருந்து ஓபஸ் எடுங்கள்.

வட்டில் 100 ஜிபி காலி, ஆனால் இடமில்லை என்று பதிவு நின்றுவிட்டது.

எங்கே எழுதினீர்கள் என்று பாருங்கள். ‘டிஎம்பி’ ஃபோல்டர் ஃபெடோராவிலும் டெபியன் 13இலும் நினைவகத்திலேயே இருக்கிறது. இயல்பாக ரேமில் பாதிதான் அதன் எல்லை. 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் 4 ஜிபியில் நின்றுவிடும், கணினியை அணைத்தால் உள்ளே இருப்பதும் போய்விடும். ‘டிஎஃப் மைனஸ் எச்’ போட்டு, ரூட் பகுதியும் ஹோம் பகுதியும் தனித்தனியா என்றும் பாருங்கள். ஆடாசிட்டி இன்னும் சேமிக்காத புராஜெக்ட்டைத் தற்காலிக ஃபோல்டரில் வைத்திருக்கும். அதனால் பதிவு பொத்தானை அழுத்தும் முன்பே புராஜெக்ட்டை ஹோமில் சேமித்துவிடுங்கள்.

பெரிய கோப்புகளை அழித்தும் இடம் கூடவில்லை.

கோப்பு மேலாளரில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். பென்டிரைவுக்கும் அதற்குள்ளேயே ஒரு மறைந்த குப்பை ஃபோல்டர் உண்டு. காலி செய்தும் வரவில்லை என்றால் ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது. அதை மூடியதும் இடம் விடுபடும்.

ஒரே கோப்பு, டெர்மினலில் 606 எம்பி, கோப்பு மேலாளரில் 635 எம்பி. எது சரி?

இரண்டும். ‘எல்எஸ் மைனஸ் எல்எச்’ 1,024ஆல் வகுக்கிறது, க்னோமின் கோப்பு மேலாளர் 1,000ஆல் வகுக்கிறது. பைட் எண்ணிக்கை ஒன்றுதான்.

‘ஃபைல் சைஸ் லிமிட் எக்ஸீடட்’ என்று வந்து நிரல் நின்றுவிட்டது. இது ஃபேட்32ஆ?

அல்ல. ஷெல்லில் கோப்பு அளவுக்கு யாரோ வரம்பு போட்டிருக்கிறார்கள். ‘யூலிமிட் மைனஸ் எஃப்’ போட்டால் ‘அன்லிமிடெட்’ என்று வர வேண்டும். எண் வந்தால் கல்லூரி ஆய்வகக் கணினி போன்ற இடங்களில் நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

பதிவை மின்னஞ்சலில் அனுப்ப முடியவில்லை. 20 எம்பிதான் இருக்கிறது, ஜிமெயில் 25 வரை ஏற்கும் என்கிறார்களே?

இணைப்புகள் மின்னஞ்சலுக்குள் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகின்றன. அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 20 எம்பி கோப்பு 27 எம்பி ஆகிவிடும். 18 எம்பிக்குள் வைத்துக்கொண்டால் தடங்கல் இருக்காது. ஒரு மணி நேரப் பேச்சை 32 கிலோபிட் ஓபஸாக மாற்றினால் 14.4 எம்பி, தாராளமாகப் போகும். மூன்று மணி நேரக் கச்சேரி 96 கிலோபிட்டிலும் 130 எம்பி வரும். அதற்கு வாட்ஸப்பில் ‘டாக்குமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அல்லது டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள். வாங்குகிறவரின் போன் ஓபஸைத் திறக்கவில்லை என்று சொன்னால், அதே ஃபிளாக்கிலிருந்து 128 கிலோபிட் ஏஏசி எடுத்து எம்4ஏ கோப்பாக அனுப்பினால் ஓடும். அனுப்பிய ஓபஸையே மறுபடி ஏஏசியாக மாற்றாதீர்கள்.